பள்ளத்திலிருந்து எடுத்த பேட்டரி

மீட்டரில் தெரிந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது.

ஓட்டுநர் அதைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். அழுக்கில்லை, குறிதான். பேட்டரி மாற்றினால் அவள் தவறாமல் செய்கிற சோதனை இது. சாவியை எடுத்துவிட்டு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி நடுவில் மீட்டரைச் செருகுவாள். வண்டி தூங்கும்போது எதுவாவது கள்ளத்தனமாகக் கரண்ட் குடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கடிகாரம் கொஞ்சம் குடிக்கும், அது நியாயம். இங்கே எதுவும் குடிக்கவில்லை. கரண்ட் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்தது. சொற்பம்தான். ஆனால் அணைந்து கிடக்கிற வண்டிக்கு அது எங்கிருந்து வரும்?

சிவப்பையும் கறுப்பையும் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. பேட்டரியை விற்ற ஒயரிங்காரருக்கு போன் போட்டாள்.

"உன் மீட்டருக்கு வயசாயிடுச்சும்மா," என்றார் அவர். "இல்லேன்னா உனக்கு அதிர்ஷ்டம். தானா சார்ஜ் ஏறுற பேட்டரி யாருக்குக் கிடைக்கும்? வெளியே சொல்லிடாதே, கடை வாசல்ல கூட்டம் கூடிடும்."

அவளும் சிரித்துவிட்டு பானட்டை மூடினாள்.

அந்தப் பேட்டரியை அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மலைச்சாலை போடும் முகாமில் ஜீப் ஓட்டுவது அவள் வேலை. மழை பிடித்ததும் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மண் சரிந்தால் தகவல் சொல்ல ஒரு வண்டியும் ஓர் ஓட்டுநரும் மேலே இருந்தாக வேண்டும். கூடவே தங்கை இருந்தாள், நிறைமாதம். அவள் புருஷன் கப்பலில் இருந்தான். கீழே தனியாகக் கிடப்பதற்கு அக்காவோடு இருக்கிறேன் என்று வந்தவள். வலி எடுத்தால் சாலைத் தடுப்பான இரண்டாம் கேட் வரை நாற்பது நிமிட இறக்கம். ஆஸ்பத்திரி வண்டி அதற்கு மேல் ஏறாது. ஆக, ஜீப் எந்த நேரத்திலும் ஒரே திருகில் எழுந்தாக வேண்டும். பழைய பேட்டரியில் ஒரு செல் செத்துப்போய், குளிர்ந்த காலைகளில் படுத்துக்கொண்டது. தள்ளி ஸ்டார்ட் செய்ய இது அந்தக் காலத்து வண்டி இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் டீசலே இறங்காது.

ஒயரிங்காரர் கடையில் பளபளவென்று ஒன்று இருந்தது. அவரே வேண்டாம் என்றார். "ஆம்பியரை மட்டும் பார்த்து ஏமாறாதே. இது கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்ற காருக்கு. உன் ரோட்டுல நாலு நாள் குலுங்கினா உள்ளே தட்டெல்லாம் உதிர்ந்து அடியில படுத்துக்கும்." சரியான பேட்டரி, தடித்த தட்டுகளோடு, ஒரு புத்தகத்தில் படமாகத்தான் இருந்தது. வந்து சேரப் பத்து நாள் ஆகும். மூன்றாவதை அவர் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கையாலும் இழுத்தார். கறுப்பு. பெயர்ச்சீட்டு இல்லை.

"பள்ளத்துல விழுந்த ஜீப்புல இருந்து எடுத்தது. ஒன்பது நாள் தலைகீழாக் கெடந்திருக்கு, ஒரு சொட்டு ஒழுகல. வண்டியை நிமிர்த்தி சாவியைத் திருகினேன், முதல் உதையிலயே எழுந்துச்சு. இதைவிட என்ன கேரண்டி வேணும்?"

லோடு கொடுத்துச் சோதித்துக் காட்டினார். வோல்ட் ஊசி கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"உள்ளே இருந்தவங்க?"

"ரெண்டு பேர்." சோதித்த கம்பியைச் சுருட்டினார். "பொணமாத்தான் எடுத்தாங்க. ஆனா விழுந்ததுல அப்படியொண்ணும் பெரிய அடி இல்லையாம்."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வண்டி நின்ற ஷெட்டுக்கும் தங்கை படுத்த அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். மழை தகரத்தில் இறங்கும் ஓயாத இரைச்சலுக்கு அடியில், காதைப் பலகையோடு ஒட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி, ஒரு மெல்லிய முனகல் இருந்தது. கொதி வருவதற்கு முன் பாத்திரத்தின் அடியில் கேட்குமே, அப்படி. ஷெட்டில் கந்தகமும் ஈர இரும்பும் கலந்த வாடை. மறுநாள் அதே வாடை தங்கையின் போர்வையிலும் அடித்தது.

"வாயெல்லாம் ஆணியைச் சப்பின மாதிரி இருக்குக்கா," என்றாள் தங்கை. "குளிருது. நீ எனக்குப் போர்த்துறதைவிட அந்த வண்டிக்குத்தான் ஒழுங்கா போர்த்துறே."

"அது நின்னுடுச்சுன்னா உன்னை முதுகுல தூக்கிட்டு ஓட முடியாதுடி. எருமை கனம் கனக்குறே."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே தீர்ந்துபோனது. அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

ஜீப்போ ஒவ்வொரு காலையும் சாவி பட்டதும் துள்ளி எழுந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஓட்டுநர் மறுபடி மீட்டரைச் செருகினாள். கழித்தல் குறி அப்படியே இருந்தது, எண் பெருத்திருந்தது. தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நேத்து ராத்திரியில இருந்து குழந்தை உதைக்கவே இல்லை."

எண் ஏறியது.

"அங்கேயே நில்லு," என்றாள் ஓட்டுநர். பிறகு, "பின்னாடி போ. முற்றத்துக் குழாய் வரைக்கும் போ."

"மழை பெய்யுதுக்கா."

"போடின்னா போ!"

தங்கை நடந்தாள். எண் இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் இறங்கியது. குழாயடியில் அவள் நின்றபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை. "போதுமா?" என்று நனைந்தபடி திரும்பி வந்தாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே வந்து, மீட்டரின் ஃப்யூஸ் பட்டென்று போனது.

ஓட்டுநர் ஸ்பானரை எடுத்தாள். பேட்டரியைப் பெயர்த்து, வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் கடைசிக்கு நடந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. கல் குவியலுக்குப் பின்னால் போட்டு மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டாள். திரும்பி வரும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. கைகள் மரத்துப்போயிருந்தன.

அரைமணி நேரத்தில் தங்கையின் உதட்டில் நிறம் வந்தது.

"அக்கா, இங்கே கை வையேன். உதைக்குது பாரு. ரௌடி."

உதைத்தது. ஓட்டுநர் அந்த வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அந்தக் கைக்கு அடியில்தான் வயிறு கல்லாக இறுகியது. பனிக்குடம் உடைந்து பாய் நனைந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டாம் கேட்டில் நிற்பதாக போனில் சொன்னார்கள். ஷெட்டில் கிடந்த பழைய பேட்டரியை மாட்டினாள். டிக். டெர்மினலைச் சுரண்டிவிட்டுத் திருகினாள். டிக். உள்ளே தங்கை பல்லைக் கடித்து ஊளையிட்டாள். டிக்.

நாற்பது நிமிடம், என்று ஓட்டுநர் கணக்குப் போட்டாள். மூன்று நாள் தாங்கியவள் நாற்பது நிமிடம் தாங்கமாட்டாளா?

தார்ப்பாயை விலக்கினாள்.

ஒரே திருகு. வண்டி எழுந்தது.

தங்கையைப் பின்சீட்டின் கோடியில் படுக்கவைத்து, கிடைத்த போர்வையெல்லாம் மேலே போட்டாள். மூடுபனி மதியத்தையே சாம்பலாக்கியிருந்தது. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்களின் சத்தம், சேறு வண்டியின் அடியில் அறையும் சத்தம், பின்னால் வலி வந்து போகும் சத்தம். டேஷ்போர்டில் வோல்ட் ஊசி. வண்டி ஓடும்போது பதினாலில் நிற்கும். பதினைந்தில் நின்றது.

"பேசிக்கிட்டே வாடி."

"என்னத்தைப் பேச..."

"என்னைத் திட்டு."

"குருட்டுக் கொள்ளி. மெதுவா ஓட்டு."

பதினாறு. ஊசி நடுங்கியது. ரோட்டின் குலுக்கல் இல்லை அது. நேரான இடத்திலும் நடுங்கியது. நிதானமாக ஒரு துடிப்பு. அதன் மேலேறி வேகவேகமாக இன்னொன்று.

இரண்டு.

இரண்டாம் கேட் தெரிந்தது. அப்பால் பனிக்குள் ஆஸ்பத்திரி வண்டியின் விளக்கு. பிரேக்கை மிதித்தாள். சாவியைத் திருகி அணைத்தாள். எஞ்சின் நின்றது. சாவியைப் பிடுங்கினாள்.

ஊசி விழவில்லை.

துடித்தது. வேகமானது தடுமாறியது. இடைவெளி விட்டது. இன்னொரு இடைவெளி. பிறகு ஒன்றுதான் துடித்தது.

"அக்கா." குரல் தெளிவாக இருந்தது. "வலி நின்னுடுச்சு."

"இறங்கு! இறங்குடி!"

"குளிரும் இல்லைக்கா."

ஊசி ஒருமுறை துடித்தது. காத்திருந்தாள். காத்திருந்தாள். துடிக்கவில்லை.

கதவைத் திறக்கக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை. எங்கோ தூரத்தில் வேறு யாருடைய கையோ போலத் தொடைமேல் கிடந்தது, விரலிடுக்கில் சாவியோடு. நாக்கில் இரும்பு. பானட்டுக்கு அடியில் ஏதோ கனைத்துக்கொண்டது. எஞ்சின் எழுந்தது. ஒரே உதையில்.

ஊசி மறுபடி துடிக்கத் தொடங்கியது. வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. அவள் கழுத்து நரம்பு அதே தாளத்தில் துடித்தது.

கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

"எங்கேம்மா பேஷண்ட்? பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் பின்கதவுக்குப் போனான். மற்றவன் மழையில் விறைத்த கைகளை உதறிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பரவாயில்லையே, நல்ல கதகதப்பா இருக்கே!"

இரண்டு உள்ளங்கைகளையும் பானட்டின் மேல் விரித்து வைத்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தான். ஊசியில் இன்னொரு துடிப்பு சேர்ந்துகொண்டது.