சிவப்புக் கார்டும் மொட்டைக் கடிதமும்

ஞானாம்பிகை மேசைமேல் வைத்த காகிதத்தைப் படித்து முடித்தபோது ஹனீபாவுக்கு வாயெல்லாம் கசந்தது. இருபது வருடமாக டாக்சி ஓட்டுகிறவன் அவன். குடிகாரன், கேடி, போலீஸ்காரன் என்று ஏற்றாத ஆளில்லை. ஆனால் தன் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மேல் சேற்றை வாரி இறைக்கிறவனை மட்டும் அவனால் மனுஷக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

அது 1987. சுங்கை பினாங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, வள்ளிநாயகியின் வீடு. நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொய்களை மூன்று மொழியில் கேட்டுக் கேட்டு காது பழுத்தவர் என்பதால், எந்தச் சிக்கல் வந்தாலும் அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் வருவார்கள். அவர் எங்கே போனாலும் ஹனீபாவின் டாக்சிதான். ஆகவே துப்பறிவதில் தனக்கும் பாதிப் பங்கு உண்டென்று ஹனீபா தானாகவே முடிவுகட்டியிருந்தான்.

"நான் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து ஆறு வருசம் அக்கா," என்றாள் ஞானாம்பிகை. "வருசா வருசம் விசாவைப் புதுப்பிச்சுக்கொண்டு இருக்கிறன். இந்த முறைதான் நிரந்தரமா இருக்கிறதுக்கு, அந்தச் சிவப்புக் கார்டுக்கு, மனுப் போட்டம். அதுக்குள்ள ஆரோ இப்பிடி எழுதிப் போட்டினம்."

கடிதம் மலாயில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. உச்சியில் அவளுடைய மனுவின் ஃபைல் எண், கீழே கோடிட்டு. பிறகு மூன்று பத்திகள். குலசேகரத்தோடு நடந்த கல்யாணம் பெயருக்குத்தான். ஊரில் இவளுக்கு வேறு புருஷன் இருக்கிறான். ஆகவே இவளுக்கு நிரந்தரவாசத் தகுதி தரக்கூடாது. கையெழுத்து இல்லை. குடிநுழைவு அலுவலகத்தில் நோர்மா என்ற அதிகாரி நகலைக் கொடுத்து, பதினாலு நாளில் பதில் எழுதச் சொல்லியிருந்தார்.

"பதில் சரியில்லைன்னா?" என்று கேட்டார் வள்ளிநாயகி.

"மனுவும் போகும், விசாவும் போகும் எண்டு சொல்லுகினம். மகளுக்கு நாலு வயசு. அவ இங்க பிறந்தவ, இங்கயே இருக்கலாம். நான்தான் போகோணும். அங்க எங்கட வீட்டுக்குக் கூரையும் இல்லை அக்கா, செல் குண்டு விழுந்திட்டுது."

ஹனீபா காகிதத்தைத் தட்டினான். "எழுதினவன் படிக்காதவன் அக்கா. ரெண்டாவது பத்திக்கு ரெண்டுன்னு போட்டிருக்கான், மூணாவதுக்கு மூணுன்னு போட்டிருக்கான். முதல் பத்திக்கு ஒண்ணு போட மறந்துட்டான் பாருங்க."

வள்ளிநாயகி ஞானாம்பிகையிடம் திரும்பினார். "ஃபைல் நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

மூன்று பேருக்கு. மனு எழுதிக்கொடுத்த இஸ்மாயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் கடை வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர். ஒரு பிழையை இவள் சுட்டிக்காட்டியதில் அவருக்குக் கோபம். கணவனின் தம்பி அப்புத்துரை, அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலைக்காரன். அப்பா விட்டுப்போன வீட்டுக்காக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை, ஆனாலும் அண்ணிக்காக மனு ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது அவன்தான். மூன்றாவது, கணவன் குலசேகரம். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா.

"விசாவுக்கு வருசா வருசம் அவர்தானே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார் வள்ளிநாயகி.

"ஓம். போன வருசம் கடைசி நாள்தான் போட்டவர். நான் தையல் வகுப்புக்குப் போனது அவருக்குப் பிடிக்கேல்லை. நிப்பாட்டின பிறகு போட்டவர். இந்த மனுவும், ஏன் இன்னும் கார்டு எடுத்துக் குடுக்கேல்லையெண்டு கோயில் சபைப் பரமநாதன் ஐயா நாலு பேருக்கு முன்னால கேட்டதாலதான் போட்டவர்." குடும்பம் என்றால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்பதுபோல அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்புத்துரைதான் அக்கா," என்றான் ஹனீபா, அவள் படியிறங்கியதும். "வீட்டுத் தகராறு. இப்பவே ஃபெரி ஏறி அவனைப் பிடிச்சிடலாம்லா!"

"நீ ஃபெரி ஏறு. ஆனா பிடிக்க வேணாம். ஞானாம்பிகைக்கு நற்சான்று வேணும், சொந்தக் கையால மலாயில எழுதித் தரச் சொல்லு. மூணு பேர்கிட்டயும் கேட்டு வாங்கு."

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வள்ளிநாயகியின் கூடத்தில் கூடினார்கள். குலசேகரம் சலவைச் சட்டையில் வந்திருந்தான். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "எழுதினவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க அக்கா, கையை முறிச்சிர்றேன்." சொல்லிக்கொண்டே தம்பியைப் பார்த்தான். அப்புத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வள்ளிநாயகி மூன்று நற்சான்றுகளையும் மேசையில் விரித்தார்.

"அப்புத்துரை, ஒரு பக்கம் முழுக்க ஒரே பத்தி. மூச்சு விடக்கூட இடமில்ல. அண்ணி தங்கமானவங்கன்னு மட்டும் நாலு தடவை இருக்கு. இஸ்மாயில் அண்ணே, உங்களோடது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"ஒண்ணுன்னு தொடங்கினாத்தானே அக்கா மனு கொடுக்க வர்றவங்களுக்குத் திருப்தி? நாப்பது வருசமா அப்படித்தான்," என்றார் இஸ்மாயில்.

"குலசேகரம், உங்களோடதுல முதல் பத்திக்கு நம்பரே இல்ல. ரெண்டுலதான் தொடங்குது. மறந்துட்டீங்களா?"

"மறக்கிறதா?" குலசேகரம் பெருமையாகச் சிரித்தான். "கவர்மெண்ட் லெட்டர் அப்படித்தான் அக்கா. முதல் பத்திக்கு நம்பர் கிடையாது. போட்டா எங்க பெரிய கிராணி முகத்துலயே தூக்கி வீசுவாரு. பதினஞ்சு வருசப் பழக்கம், கை தானா போகும்."

வள்ளிநாயகி மொட்டைக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஹனீபா எட்டிப் பார்த்தான். எழுதினவன் படிக்காதவன் என்று தான் சொன்னது நினைவு வந்து காது சூடானது.

"ஆயிரம் கிராணி அப்படி எழுதுவான்!" என்றான் குலசேகரம். சிரிப்பு போயிருந்தது.

"எழுதுவான். அந்த ஆயிரத்துல இந்த ஃபைல் நம்பர் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். இன்னொண்ணும் இருக்கு. விரோதி எழுதினா என்ன கேட்பான்? இவளைப் பிடிச்சு ஊருக்கு அனுப்புங்கன்னு கேட்பான். இதுல அப்படி ஒரு வார்த்தைகூட இல்ல. கார்டு மட்டும் குடுக்காதீங்கன்னு இருக்கு. அவ இங்கயே இருக்கணும், ஆனா கார்டு இல்லாம இருக்கணும். அதனால யாருக்கு லாபம்?"

ஞானாம்பிகை கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஆளை அனுப்ப மாட்டாங்க அக்கா," என்று குலசேகரம் முணுமுணுத்தான். "மனுவை மட்டும்தான் தள்ளுவாங்க. எனக்கு ஆபீஸ் வேலை தெரியும். கார்டு கையில வந்துட்டா இவ என்னை எதுக்கு மதிக்கப் போறா? வருசத்துக்கு ஒரு தடவை என் கையெழுத்துக்கு வந்து நின்னாத்தான்..."

ஹனீபா அவனை ஏற இறங்கப் பார்த்தான். திருடனாவது பசி என்று சொல்வான். இவன் தன் பிள்ளையைப் பெற்றவளுக்கு இன்னொரு புருஷனைக் கட்டிவைத்து, அதைச் சுத்தமாகக் கோடு போட்டு, பத்தி பிரித்து, நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறான். பிறகு சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கையை முறிக்க வருகிறான். சீ! ஹனீபா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"இஸ்மாயில் அண்ணே, மெஷினைக் கொண்டாங்க," என்றார் வள்ளிநாயகி. "குலசேகரம், உக்காருங்க. எழுதினது நீங்க, எழுதினது பொய், எதுக்காக எழுதினீங்க. மூணும் வரணும். பேரும் அடையாள அட்டை ஐசி நம்பரும் கீழே."

"வேலை போயிரும் அக்கா..."

"அண்ணி போகலாம், உன் வேலை போகக்கூடாதா?" அப்புத்துரை அன்றைக்கு அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு ஞானாம்பிகையிடம் திரும்பினான். "சாட்சிக்கு நான் வர்றேன் அண்ணி. விசாவுக்குப் பிணையா கையெழுத்துப் போட ஆள் வேணும்னா அதுக்கும் நான் இருக்கேன்."

குலசேகரம் தட்டச்சு செய்தான். முதல் பத்திக்கு அவன் கை இப்போதும் நம்பர் போடவில்லை. முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தவன், ஏதோ இரக்கம் எதிர்பார்த்தவனாக மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"போடுங்கோ," என்றாள் ஞானாம்பிகை. "ஆறு வருசமா உங்கட கையெழுத்துக்கு வாசல்ல நிண்டனான். உங்களிட்ட நான் கேக்கிற கடைசிக் கையெழுத்து இதுதான்."

போட்டான்.

கீழே இறங்கியதும் பழக்கதோஷத்தில் குலசேகரம் டாக்சியின் முன்கதவைத் திறக்கப் போனான். ஹனீபா உள்ளேயிருந்து பூட்டிவிட்டான். "பஸ் வரும்லா, நில்லு."

திங்கட்கிழமை காலை நோர்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். உதட்டைச் சுளித்துக்கொண்டு அதை ஃபைலில் சேர்த்தார். மனு தொடர்ந்து நடக்கும் என்றார். பிறகு ஞானாம்பிகையின் பதிலை அவள் பக்கம் தள்ளி, கீழே கையெழுத்துக்காகக் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

ஞானாம்பிகை பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினாள். "என்ர மட்டும் போதுமோ?" என்று ஹனீபாவைக் கேட்டாள். அவன் மலாயில் கேட்டுச் சொன்னான்.

"உங்களோடது மட்டும் போதுமாம்."