நாற்பதுக்குக் கீழே

வெண்மணல் பூங்காவின் ஒன்பதாம் முகாமிலிருந்து நவநீதனையும் தமயந்தியையும் வெளியேற்ற இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நவநீதன் கூடாரத்தின் கடைசி முளையை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, மணிக்கட்டில் கட்டியிருந்த அலுப்புமானி மூன்று முறை துடித்தது.

"ஏனுங்க, அதுக்குள்ளயா?" என்றாள் தமயந்தி. அவள் கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை.

"முப்பத்தெட்டுக்கு எறங்கிருச்சு. பத்து நிமிசந்தான் டைமு. மடிச்சு வை அம்மிணி."

பாலைவனப் பூங்காக்களில் முகாம் இடங்கள் சில நூறுதான். வர விரும்பியவர்களோ கோடிக்கணக்கானோர். ஒரு காலத்தில் முன்பதிவு செய்தவர்கள் வந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் படுத்துத் தூங்கினார்கள். ஏங்கிக் கிடந்தவர்கள் வெளியே நின்றார்கள். அதற்குத் தீர்வாக வந்ததுதான் அலுப்புமானி. நாடித் துடிப்பு, தோலின் ஈரம், கண்ணின் ஓட்டம் எல்லாவற்றையும் கணித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் ஆர்வ எண்ணைச் சொல்லும். இருவராக வந்தால் இருவரின் சராசரி. அது நாற்பதுக்குக் கீழே இறங்கி, கருவி துடித்த பத்து நிமிடத்துக்குள் ஏறாவிட்டால் இடம் அடுத்தவருக்கு; இரவுத் தூக்கம் மட்டும் கணக்கில் வராது. பதினோர் ஆண்டுக் காத்திருப்பு இதனால் நாலு ஆண்டாகக் குறைந்தது. ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வந்து முப்பது வருடமாக அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் குடியிருக்கும் இந்தத் தம்பதியும் அந்த நாலு ஆண்டுகளைக் காத்திருந்துதான் வந்திருந்தார்கள். ஒரே அனுமதியில் மூன்று பூங்காக்கள். தமயந்தி அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்காவது பீப் என்று சத்தம் கேட்டால் இன்னமும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். சத்தமில்லாத இடத்துக்கு ஒரு பத்து நாள் போய் வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால்தான் இந்தப் பயணம்.

தானோட்டி வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது பூங்காவான செம்பாறை வளைவுகளுக்கு விரைந்தது. வழி நெடுக நவநீதன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே இறங்கியதும் அவளை விட்டுவைக்கவில்லை.

"அந்தப் பாறையப் பாரு, யானை மாதிரி இல்ல? இந்தப் பக்கம் வா. ஓணான் போகுது பாரு. ஒரே எடத்துல நிக்காத, எண்ணு எறங்கும்."

"பாக்கறனுங்க. பாத்துக்கிட்டேதான இருக்கறேன்."

"சும்மா பாத்தாப் பத்தாது. ஆசையாப் பாக்கோணும்."

அப்படி ஓடி ஓடி ஒன்றரை நாள் ஓட்டினார்கள். பிறகு இருவருக்கும் கால் ஓய்ந்தது, வாய் ஓய்ந்தது, எண் முப்பத்தாறில் வந்து நின்றது. வண்டிக் கதவு தானே திறந்துகொண்டது.

மூன்றாவது, கடைசிப் பூங்கா, உப்புச் சமவெளி. அடிவானம் வரை வெள்ளைத் தரை. மரம் இல்லை, பறவை இல்லை, காற்றுகூட யோசித்துத்தான் வந்தது. இங்கே ஆசையாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று நவநீதன் நாலு பக்கமும் தேடினார். இதுவும் போனால் வீடுதான்.

தமயந்தி மடக்கு நாற்காலியை விரித்து உப்பின் மேல் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவே இல்லை. நவநீதன் எட்டி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். நாற்பத்தொன்று. சற்றுக் கழித்து முப்பத்து மூன்று. பிறகு இருபத்தைந்து.

"அம்மிணி, ஏதாச்சும் பேசு. விழுந்துட்டே இருக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அவர் பல வருடமாகப் பார்க்கவில்லை. வலது கால் உப்பில் அசையாமல் ஊன்றியிருந்தது.

"நல்லா இருக்குதுங்க," என்றாள். அவ்வளவுதான்.

அவருடைய எண் எழுபத்தொன்றில் இருந்தது. சராசரி நாற்பத்தெட்டு. நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது: கருவி அவருடைய பதற்றத்தை ஆர்வம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அவளுடைய அமைதியை அலுப்பு என்கிறது.

அதற்கு அவரே காரணம். அந்த நாற்பதைப் போட்டவர் அவர். கருவியை உருவாக்கிய நிறுவனத்தில் அளவீட்டுப் பொறியாளராக இருந்தபோது, இருநூறு பேரை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாலைவனப் படங்களைத் திரையில் காட்டினார். நாடி தணிந்து, கண் ஒரே இடத்தில் நிலைத்தவர்களிடம் கேட்டால் எல்லாரும் 'போரடிக்குது' என்றார்கள். எழுதிக்கொண்டார். அந்த இருநூறு பேரில் ஒருவரைக்கூட அவர் நிஜமான பாலைவனத்துக்கு அழைத்துப் போகவில்லை.

இனி அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அவள் அப்படியே இருக்கவேண்டுமென்றால் அவர் அமைதியாகக் கூடாது. கூடாரத்தின் பின்னால் போய் வீட்டில் கேஸை அணைத்தோமா என்று யோசித்தார். நெஞ்சு வலித்தால் இங்கே ஆம்புலன்ஸ் வர எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். கவலைகள் தீர்ந்தபோது வெயிலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. தண்ணீர் கொண்டுவந்த பூங்காக் காவலர் டோலோரஸ், அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள்.

"உங்க மனைவிக்காகத்தானே?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க மூணு நாளுக்கு மேல தங்குறவங்க எல்லாரும் ஜோடிதான். ஒருத்தர் உட்கார்ந்திருப்பாங்க, ஒருத்தர் நடப்பாங்க. தனியா வர்றவங்க மனசு அடங்கினா அன்னைக்கே போயிடுவாங்க." தண்ணீர்க் கேனை இறக்கி வைத்தாள். "யார்தான் இந்தக் கணக்கைப் போட்டாங்களோ."

நவநீதன் கேனைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனார்.

அன்று மாலை தமயந்தி அவரைக் கைபிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "மூணு நாளா நானும் பாக்கறேன். எதுக்குங்க இப்படி அலையறீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருநூறு பேர், அறை, திரை, நாற்பது.

"அப்ப நானு உக்காந்திருந்தது உங்க தலைல உக்காந்துதானுங்களா?"

"பரவால்ல அம்மிணி. நீ இரு."

"ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் நீங்களும் பாருங்க. போகோணும்னா போயிக்கலாம்."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. உப்பு இளஞ்சிவப்பாக மாறி, பிறகு அதுவும் வடிந்து, பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறத்துக்கு வந்தது. எதையோ நினைக்க வேண்டுமென்று நவநீதன் தொடங்கினார். தொடங்கியது என்னவென்று மறந்துபோயிற்று. அவளுடைய தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றாகத் துடித்தன.

"உங்களுக்குமா?" என்று தமயந்தி சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "பத்து நிமிசம் இருக்குதுங்க. எதையாச்சும் நெனச்சுக் கவலப்படுங்க. அந்தக் கேஸு…"

அவர் உண்மையிலேயே முயன்றார். கேஸ் எரிந்தால் எரியட்டும் என்றிருந்தது. நெஞ்சு வலியா, வரும்போது வரட்டும். எண் இருபத்தாறிலேயே கிடந்தது.

"வர மாட்டேங்குது அம்மிணி," என்றார்.

வண்டி பூங்கா வாசலுக்கு வந்தபோது அதன் உள்ளே இருந்த திரை ஒளிர்ந்தது. 'எங்கள் பாலைவனம் உங்கள் இருவரையும் கவரவில்லை என்பதற்கு வருந்துகிறோம். உங்களைப் பாலை ஆர்வமற்றோர் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். இனி நீங்கள் காத்திருக்க வேண்டிய சிரமம் இல்லை.' கூடவே, இருபத்து நான்கு மணி நேரமும் ராட்டினங்கள் சுற்றும் ஒரு கேளிக்கை நகரத்துக்குப் பரிந்துரை.

"இது அநியாயமுங்க. ஒரு புகார் எழுதுங்க," என்றாள் தமயந்தி.

நவநீதன் புகார்ப் பொத்தானில் விரலை வைத்தார். திரை சிறிது நேரம் அவரைப் படித்தது.

'உங்கள் எண்: இருபத்தாறு. புகார் அளிக்கும் அளவுக்கு உங்களுக்கு இதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. நன்றி.'