ஆல்வினின் கை

மெஷின் மறுபடியும் நின்றது. தகடு அடிக்கும் பிரஸ்ஸின் நெற்றியில் சிவப்பு விளக்கு. அச்சுக்குள் யாருடைய கையாவது இருந்தால் மட்டுமே எரிய வேண்டிய விளக்கு அது. ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெளியே, இரண்டு பட்டன்களின் மேல் பத்திரமாக இருந்தன. உள்ளே தகடு மட்டும்தான் கிடந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, கார் கதவுக்குக் கீல் அடிக்கும் கம்பெனி. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரம். கூரைத் தகட்டில் மழை விடாமல் இரைய, சூடான எண்ணெய் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, மற்ற பிரஸ்கள் வரிசையாகத் தடால் தடால் என்று இறங்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் இது மட்டும் வாயைத் திறந்தபடி சும்மா நின்றது.

போன வருஷம் ஆல்வினின் வலது கை மணிக்கட்டோடு போனது இதில்தான். இன்ஸ்பெக்டர் வந்தார். சீல் வைத்தார்கள், சென்சார் மாட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சீலை எடுத்தார்கள். ஆல்வினின் கவனக்குறைவு என்று எழுதி, அவனைக் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார வைத்தாயிற்று. கம்பெனிக்கு இதற்கு மேல் என்ன மனசாட்சி வேண்டிக்கிடக்கிறது.

இந்த மெஷினில் போட்டதிலிருந்து ஜெசிந்தா, மகளுக்குத் தலை பின்னும்போதுகூட விரல்களை ஒருதரம் விரித்துப் பார்த்துக்கொள்வாள். பயம்தான். வேறொன்றுமில்லை.

காலையில் கேட்டில் ஆல்வின் அவளை நிறுத்தியிருந்தான்.

“மெஷின் அப்பப்ப நின்னுடுதா ஜெசி?”

“ஆமாண்ணா. சென்சார் மக்கர் பண்ணுது.”

“நிக்கிறப்ப எனக்கு வலி இல்ல. ஓடுனா ஒவ்வொரு அடியும் என் மேல வுழுது. கை இன்னும் உள்ளதான் கீது. யாராச்சும் புட்சி வெளிய இழுத்தா போதும்.”

போன கை வலிப்பது சகஜம் என்று டாக்டர் சொன்னாராம். அவளும் அதையே நம்பிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ரஞ்சித்குமார் வந்தார். “மறுபடியும் இன்னாம்மா?”

“உள்ள ஏதோ கீது சார்.”

“தூசி கீது. சாயந்தரம் லோடு போவணும்.”

சென்சாரைத் துணியால் துடைத்தார். சிவப்பு போகவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து பேனலில் திருப்பினார். விளக்கு அணைந்தது. இனி உள்ளே கை இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாது.

“சென்சார் இல்லாம எப்டி சார்?”

“கைய உள்ள வுடாத. அவ்ளோதான். அமுக்கு.”

அமுக்கினாள்.

இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கவில்லை. ஏதோ மெத்தென்று நசுங்கியது. அதே நொடியில், மழையையும் தாண்டி, கேட்டிலிருந்து ஒரு அலறல்.

“இவனுக்கு இதே வேலையா பூட்ச்சி,” என்று ரஞ்சித்குமார் வாசல் பக்கம் திரும்பினார்.

இடுக்கியால் அடுத்த தகட்டை வைத்தாள். கோணலாக விழுந்தது. அவள் தொடவில்லை. தகடு தானாக நகர்ந்தது. மெதுவாக. நேராகும் வரை.

அலறல் ஓயவில்லை. கேட்கச் சகிக்கவில்லை. அதை நிறுத்தியாக வேண்டும்.

வலது கையை உள்ளே விட்டாள்.

வெறும் காற்று. பிறகு, விரல்கள். எண்ணெய்ப் பிசுக்கு. சில்லென்று. அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. இழுத்தாள். வந்தது.

அலறல் நின்றது.

“ஏய், இன்னா பண்ற நீ?” ரஞ்சித்குமார் அவள் தோளைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இழுத்துத் தள்ளினார். தரையில் உட்கார்ந்தபடி கையை மடியில் வைத்துப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. கீறல் இல்லை. கிள்ளினாள். வலிக்கவில்லை. மடியின் சூடும் தெரியவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் இரும்பு குளிர்ந்தது.

விரலை மடக்கினாள். மடியில் இருந்த விரல் அசையவில்லை. அச்சுக்குள் தகடு அசைந்தது.

வாசலில் ஆல்வின் நனைந்து நின்றான். கண்ணில் நீர். முகம் தெளிந்திருந்தது. “வுட்டுச்சி ஜெசி. வலியே இல்ல.”

ரஞ்சித்குமார் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நானே ஓட்டறேன்.”

“சார், வேணாம். என் கை உள்ள கீது.”

“உன் கை மடியிலதான கீது,” என்றார், திரும்பிப் பார்க்காமலே. இரண்டு பட்டன்களையும் அமுக்கினார்.

மேல் அச்சு இறங்கியது. அது தள்ளிவந்த காற்று முதலில் அவள் புறங்கையில் பட்டது.