பூவரசந்திடல் பொய் மனு

பாலக்கரையில் பாத்திரக்கடை மாடியில் இருக்கும் அந்த அறைக்கு வேலித் தகராறு வரும், பங்காளிச் சண்டை வரும். ஊரே காணாமல் போகப் போகிறது என்று சொல்லிக்கொண்டு படியேறியவர் பொன்னுத்தாய் ஒருவர்தான்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. கையில் கிரீஸ் கறைகூடப் போகவில்லை. நில அளவையர் அடைக்கலராஜின் மேசைமேல் ஒரு நகலைப் போட்டார்.

“திருவெள்ளறைக்குப் பக்கத்துல இருபத்திரண்டு வீடுங்க. ஆதியில பூவரசந்திடல்னுதான் பேரு. அப்புறம் காலனின்னு எழுதிட்டாங்க. இப்போ அதை எடுத்துட்டுப் புதுசாப் பேரும் எல்லையும் எழுதுறாங்களாம். எங்க பேரைத் திருப்பிக் கொடுங்கன்னு மனு போட்டோம். பின்னாடியே எங்க பேர்ல இந்தப் பொய் மனு போயிருக்கு.”

அடைக்கலராஜின் உதவியாளர் வேணி நகலைப் பிடுங்காத குறையாக எடுத்து வாசித்தாள். எல்லாம் டைப் அடித்தது. ‘வாய்க்காலுக்கு அக்கரையில் குடியிருக்கும் நாங்கள், எங்களுக்குத் தனிப் பெயர் வேண்டாம் என்றும், வளநல்லூருடன் சேர்த்துவிடலாம் என்றும் சம்மதிக்கிறோம்.’ கீழே இருபத்திரண்டு பெயர்கள், கோழி கிறுக்கின மாதிரி கையெழுத்துகள்.

“சேர்த்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“தனி ஊர்னு எழுதினாத்தாம்மா எங்களுக்குன்னு தண்ணித் தொட்டி. நாற்பது வருஷமா குடத்தைத் தூக்கிட்டு அக்கரைக்குப் போறோம். அந்த வார்டு உறுப்பினர் இளவரசன் சொல்லி வளநல்லூர்க்காரங்க மோட்டாரை நிறுத்திட்டா எங்க வீட்ல உலை வைக்க முடியாது. இது யார் வேலைன்னு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு, திடலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது.”

அன்று மூன்று மணிக்கு வருவாய் ஆய்வாளர் டோரதி திடலுக்கே வருகிறார். கையெழுத்து எங்களுடையது இல்லை என்று திடல்காரர்கள் சொன்னால் மட்டும் போதாதாம்; எழுதியது யார் என்று தெரிந்தால் மனுவைத் தள்ளிவிடுவார். தெரியாவிட்டால் சேர்ப்புதான்.

“வளநல்லூர் வார்டு உறுப்பினர் இளவரசன்தான் சார்! திடல் தனியாப் போயிட்டா அவர் பேச்சை யார் கேட்பாங்க?” என்று துள்ளினாள் வேணி. அவளுக்கு எப்போதும் குற்றவாளி முதல் ஐந்து நிமிடத்திலேயே கிடைத்துவிடுவார்.

அடைக்கலராஜ் நகலை மூன்று தரம் படித்தார். “‘பட்டறைப் பொன்னுத்தாய்’, ‘தையல் பொன்னுத்தாய்’னு இருக்கே. ரேஷன் கார்டுல இப்படியா இருக்கு?”

“ஐயய்யே! அது எங்களுக்குள்ள கூப்பிடுறதுங்க. வளநல்லூர்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கொள்ளிடம் பாலம் தாண்டி அவர்கள் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஆய்வாளர் டோரதி நாற்காலியில் இருந்தார். இளவரசன் வெள்ளைச் சட்டையில் முறைத்துக்கொண்டு நின்றார். திடல் சங்கச் செயலாளர் பீமராவ் எல்லோருக்கும் ஓடி ஓடி டீ கொடுத்தார். நல்ல மனுஷன் என்று வேணிக்குத் தோன்றியது.

“மழை வரும்போல இருக்கே பீமராவ், உங்க வண்டியை எங்க விட்டிருக்கீங்க?” என்று கேட்டார் அடைக்கலராஜ்.

“அது இக்கரையில வீட்டு வாசல்ல நிக்குது சார், நனையாது.” பீமராவின் கை வாய்க்காலைத் தாண்டி வளநல்லூரைக் காட்டியது.

வேணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “மேடம், இளவரசன்தான்…” என்று ஆரம்பித்துவிட்டாள். “யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க?” என்று அவர் பாய்ந்து வந்தார்.

“அவர் இல்லை” என்றார் அடைக்கலராஜ். வேணிக்கு முகம் சிவந்துபோயிற்று.

“தான் இருக்கிற கரையை யாரும் அக்கரைன்னு சொல்ல மாட்டாங்க மேடம். பொன்னுத்தாய்க்கு அக்கரைன்னா வளநல்லூர். ஆனா மனுவுல திடல்தான் அக்கரை. அப்போ எழுதின ஆள் வளநல்லூர்ல இருக்கிறவர். ஆனா பட்டறை, தையல்னு வளநல்லூர்க்காரங்களுக்குத் தெரியாது. அது திடல்ல பிறந்தவங்களுக்குத்தான் தெரியும். இங்க பிறந்து, அங்க குடியிருக்கிறவர் எத்தனை பேரு?”

“ஒருத்தர்தாங்க” என்றார் பொன்னுத்தாய் மெதுவாக. “பீமராவண்ணன். தை மாசம் குடி போனாரு.”

“இப்போ திடல்ல நின்னுக்கிட்டே வளநல்லூரை இக்கரைன்னு சொன்னாரு. ஆறு மாசத்துல வாய் பழகிடுச்சு. மனு எழுதும்போதும் அதேதான்.”

பீமராவ் டீ தட்டைக் கீழே வைத்தார்.

“என் பொண்ணைப் பார்க்க வந்தவங்க ஆதார் கார்டுல காலனின்னு பார்த்ததும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு தடவை. பேரை மாத்தினாலும் திடல்னாலே ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும். வளநல்லூர்னு மட்டும் இருந்தா…” மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வலி தெரியாத வீடு திடலில் ஒன்றுகூட இல்லை.

பொன்னுத்தாய் மட்டும் குனியவில்லை. “எந்திரிச்சுப் போனவங்கதானே வெட்கப்படணும்? நீங்க ஏன்ணே எங்க பேரை அழிச்சீங்க?”

டோரதி மனுவின் குறுக்கே கோடு போட்டு, புதுத் தாளில் ‘பூவரசந்திடல்’ என்று எழுதினார். இருபத்தோரு வீட்டுக்காரர்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

“இருபத்திரண்டாவது வீடு?” என்று கேட்டார் டோரதி.

“நான் போட முடியாதும்மா. எனக்கு இங்க இப்போ வீடு கிடையாது” என்றார் பீமராவ்.

பொன்னுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தார். “போகும்போது எங்கிட்டதானே கொடுத்துட்டுப் போனீங்க? வாரா வாரம் பெருக்கித்தான் வச்சிருக்கேன். பிடிங்க. போய்க் கதவைத் திறந்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க.”