பீரோவுக்குள் போன சாவி

ட்ர்ர்ரிங்!

காலை பத்து பத்துக்கு என் செல்போன் அலறியது.

"மாப்ள... ஆம்புலன்ஸ் எங்கடா?" அத்தானின் குரல் நடுங்கியது. "உங்க அக்காவுக்கு வலி வந்துடுச்சு! உங்க ஆபீஸ் வெப்சைட் செத்துக் கிடக்கு!"

செத்துத்தான் கிடந்தது.

ஊரில் எந்த வீட்டுக்கு எந்த ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்று சொல்லும் வெப்சைட். இப்போது வெறும் வெள்ளைத் திரை. பேச்சு மூச்சில்லை.

கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியும்.

தினமும் காலையில் அவனுக்குத்தான் ஷேவ் செய்துவிடுகிறேன்!

சர்வர்களைக் காவல் காக்கும் மேடம் எழுந்தார். ஆபீஸ் வைத்த பட்டப்பெயர்... பூட்டு. ஒரு காதில் போன்.

"யாரோ கை வெச்சிருக்காங்க. என்ன மாத்தினாங்கன்னு சொன்னாதான் உயிர் கொடுக்க முடியும். யாரு?"

"வெளிநாட்டு ஹேக்கரா இருக்கும் மேடம்..."

"ஹேக்கருக்கு எதுக்கு தம்பி உன் சட்டை நனையுது?"

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்...

அக்கா!

"நான்தான் மேடம்! செட்டிங்ஸ் எல்லாம் ஒரு பைல்ல கிடந்துச்சு. பழைய ஸ்டைலா இருக்கேன்னு டேட்டாபேஸுக்கு மாத்தினேன். பைலை அழிச்சேன். சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்..."

"எல்லாத்தையுமா மாத்தின?"

"ஒண்ணு விடாம!"

"டேட்டாபேஸைத் திறக்கிற பாஸ்வேர்டு?"

"அதையும்..."

"எங்க வெச்ச?"

"டேட்டாபேஸ்ல."

மேடம் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"பீரோ சாவியைப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு... வெளிய நின்னு தட்டுறியா?"

"பத்திரமா இருக்குமேன்னு..."

அவர் விரல்கள் கீபோர்டில் பாய்ந்தன. நான் அழித்த பைலின் நகல் அவரிடம் இருந்தது! பழைய இடத்தில் வைத்தார். ஒரே தட்டு.

திரை கண் விழித்தது!

அத்தானை அழைத்தேன். "அத்தான், இதோ வண்டி அனுப்பறேன்..."

"கிழிச்ச! உன்னை நம்பினா வேலைக்காகாதுன்னு ஆபீஸ் நம்பருக்கு அடிச்சேன். ஒரு மேடம் அப்பவே அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டே இருக்கோம்!"

திரும்பினேன். பூட்டு மேடத்தின் கையில் ஒரு நோட்டு. பக்கம் முழுக்க டிரைவர்களின் நம்பர்கள்... பேனாவால்!

"மேடம்... இதை எப்போ எழுதினீங்க?"

"நீ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு."

கண் கலங்கிவிட்டது. காலில் விழலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக வாயைத் திறந்தேன்.

"ரெண்டு வருஷமா கேக்கறேன், 'அது இடத்தைப் பொறுத்தது'ன்னே சொல்லி அனுப்பறீங்க. இன்னிக்காவது நேரா சொல்லுங்க மேடம். செட்டிங்ஸ் இருக்க வேண்டியது பைல்லயா... டேட்டாபேஸ்லயா?"

அவர் நோட்டை மூடினார்.

"திறக்கிற சாவி பைல்ல. அடிக்கடி மாறுறது டேட்டாபேஸ்ல."

கொஞ்சம் யோசித்தார்.

"நீ... கேன்டீன்ல!"