மூடியின் உட்புறம்

விடிந்து பார்த்தபோது நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. அலுமாரியின் கீழ்த்தட்டில், கடைசிப் பெட்டியில் மட்டும்.

புவனேந்திரன் குந்தி உட்கார்ந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். ஈரத்தைக் குடிக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் அது. காய்ந்திருக்கும்வரை நீலம், குடித்து நிறைந்துவிட்டால் இளஞ்சிவப்பு. ரப்பர் வார் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு நாலு கொக்கியையும் அழுத்திவிட்டால், லுணுகலை மழைக்குக்கூட ஐந்தாறு மாதம் தாங்கும். மற்ற இருபத்தொரு பெட்டிகளிலும் அப்படித்தான் தாங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டியை மூடி ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

பெட்டிகளில் இருந்தவை பழைய வீடியோ கேம் மெஷின்களின் போர்டுகள். பதுளையிலும் பண்டாரவளையிலும் கேம் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, மரக்கூடுகளை விறகுக்குக் கொடுத்தவர்கள் உள்ளே இருந்த பச்சைப் பலகைகளை இவனிடம் கொடுத்தார்கள். டவுனில் டீவி திருத்துகிற இவனுக்கு அவற்றின் மேல் ஒரு பித்து. அவனும் மனைவி சிவசக்தியும் தோட்டத்து எல்லையில், ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் இருந்த பழைய வீட்டில் குடியிருந்தார்கள். அதன் பின்னறையை அவற்றுக்கே ஒதுக்கி, ஜன்னல் இடுக்குகளை டேப்பால் அடைத்து, அலுமாரிக்குள் இரவும் பகலும் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருந்தான்.

"நம்ம போர்வ மூணு நாளா காயல. அதுகளுக்கு மட்டும் வெயிலு," என்பாள் சிவசக்தி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் அழுகையைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் சத்தமே ஆகாது.

கடைசிப் பெட்டியில் இருந்தது முந்தைய நாள்தான் மொனராகலையிலிருந்து வந்த போர்டு. பலீல் என்ற பெரியவர் ஒரு காலத்தில் கேம் கடை வைத்திருந்தவர். இவன் போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவே இல்லை. மகள் ஷஹீலாதான் அறையைக் காட்டினாள். உறையில்லை, பெட்டியில்லை. போர்டு அலுமாரித் தலையில் ஒரு தாம்பாளத்தில் திறந்தபடி கிடந்தது. எவ்வளவு அருமையான சாமான், இப்படியா போட்டு வைப்பது என்று அவனுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தூரிகையால் தூசு தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெள்ளி நிற உறையில் இட்டு, பெட்டியில் நிமிர்த்தி வைத்து மூடினான். கொக்கிகள் விழுந்த சத்தம் அவனுக்கு நிறைவாக இருந்தது.

இப்போது பொட்டலத்தை மாற்றினான். ரப்பர் வாரைத் துடைத்து மறுபடி மூடினான். கடைக்குப் போய் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது புதுப் பொட்டலமும் இளஞ்சிவப்பாகியிருந்தது. அதோடு, கண்ணாடி போன்ற அந்த மூடியின் உட்புறத்தில் பனி படிந்திருந்தது. பெட்டி முழுக்க அல்ல. ஓரிடத்தில் மட்டும், தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு, வட்டமாக.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் சுருங்கி மறைந்தது. கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம். அலுமாரி பல்பின் மெல்லிய ரீங்காரம். வட்டம் மறுபடி படிந்தது. மறைந்தது. படிந்தது.

குளிர்காலத்தில் பஸ் ஜன்னலில் முகம் வைத்துத் தூங்குகிறவனின் மூச்சு இப்படித்தான் கண்ணாடியில் வந்து போகும். தன் மூச்சும் அதே தாளத்தில் போவதை உணர்ந்து, அவன் வலுக்கட்டாயமாக மூச்சை அடக்கினான்.

பனி நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் சிவசக்தி பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க நாத்தம் இது?"

"ஸ்பிரிட்டு."

"ஸ்பிரிட்டு எனக்குத் தெரியாதா? காய்ச்சக்காரன் வாய்க்கிட்ட குனிஞ்சா வருமே, அந்த நாத்தம்." அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "நாளைக்கு நான் வேலை விட்டு வர்றப்ப அது இந்த வீட்ல இருக்கக்கூடாது. அது இருந்துச்சுன்னா நான் அப்புத்தளைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்."

"பன்னண்டு வருசமா சேக்குறேன் சக்தி."

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அத மட்டும் கொண்டு போங்க."

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் விரல் நீட்டவில்லை. இருவரும் கீழ்த்தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. சிவசக்தி குடையோடு இறங்கிப்போனதும், போர்டை வெளியே எடுத்துவிடலாம் என்று கொக்கிகளைத் தளர்த்தினான். சூடான, ஈரமான காற்று முகத்தில் அடித்தது. வெள்ளி உறை கீழே கசங்கிக் கிடந்தது. போர்டு உறைக்கு வெளியே நின்றது. இந்தப் பழைய போர்டுகளின் சிலிக்கன் சில்லுகளில் சின்ன வட்டக் கண்ணாடிகள் இருக்கும். வெளிச்சம் பட்டால் சில்லின் ஞாபகம் அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். முந்தாநாள் அவனே ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திச் சரிபார்த்திருந்தான். இப்போது ஒன்றில்கூட ஸ்டிக்கர் இல்லை. பன்னிரண்டு வட்டக் கண்ணாடிகளும் திறந்திருந்தன. உரித்த ஸ்டிக்கர்கள் பெட்டியின் அடியில் மென்று துப்பியதுபோலக் கிடந்தன.

அவன் கையை நீட்டினான். மூடி அவன் விரல்களின் மேல் விழுந்தது.

விழுந்தது என்று சொல்வது சரியில்லை. இழுத்து அடைக்கப்பட்டது. வலியில் கத்திக்கொண்டு கையைப் பிடுங்கியபோது இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. மறு கையால் நாலு கொக்கியையும் அடித்து இறக்கினான். மோட்டார் சைக்கிள் டியூப்பை எடுத்துவந்து பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினான். அப்புறம்தான் மொனராகலைக்குப் போன் போட்டான். ஷஹீலா எடுத்தாள்.

"தங்கச்சி, லுணுகலை புவனேந்திரன் பேசுறேன். வாப்பாகிட்டக் குடுக்க முடியுமா?"

"வாப்பா யாரோடயும் பேசுறல்ல. போர்டு வேல செய்யல்லயா?" என்றாள்.

"அது இல்லம்மா. பெட்டியில வச்சிருக்கேன். உள்ளுக்கு ஒரே ஈரமா..."

அவள் இடைமறித்தாள்.

"மூடினீங்களா?"

"காத்துப் போகாம மூடி வச்சாத்தானே கெடாது."

"வாப்பாவும் ஒரு தடவ மூடினார்." குரல் தாழ்ந்தது. "அவர சும்மாவா செவத்துப் பக்கம் திருப்பிப் படுக்க வச்சிருக்கோம்? அந்த மூஞ்சிய எங்களால பாக்க ஏலாது. உம்மாவே பாக்கிறல்ல."

"தங்கச்சி..."

"மூடினத இனித் தொறக்க வேணாம். ஒரு தடவயும் தொறக்க வேணாம்."

"நான் இப்பத்தான் தொறந்தேன்," என்றான் அவன்.

போன் வைக்கப்பட்டது. அவன் மறுபடி போன் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆற்றில் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் தூக்கப் பார்த்தான். முந்தாநாள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்த பெட்டி இன்று சிமெந்து மூட்டை மாதிரிக் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்து அறையின் நடுவரைக்கும்தான் கொண்டுவர முடிந்தது. மூன்று மணிக்கு மழை பெய்யத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு, ரோட்டு, எதிர் லயத்து வீடுகளின் புகை எல்லாம் ஒவ்வொன்றாக மூட்டத்தில் கரைந்துபோயின. கரண்ட் போனது. அலுமாரி பல்பு அணைந்தது. அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நின்றதும், அதற்கு அடியில் இவ்வளவு நேரமும் இருந்த வேறொரு சத்தம் கேட்டது.

மூச்சு. மெதுவாக உள்ளே போவது. மெதுவாக வெளியே வருவது. சளி கட்டிய, பெரிய நெஞ்சு ஒன்றிலிருந்து.

டியூப் 'பட்'டென்று அறுந்தது.

அவன் யோசிக்கவில்லை. பாய்ந்து மூடியின் மேல் உட்கார்ந்தான். தன் முழுப் பாரத்தையும் கொடுத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கீழேயிருந்து ஒரு இடி. தொடை எலும்பு வரைக்கும் ஏறியது. மறுபடி ஒரு இடி. மூடி விரலளவு எழுந்து, அவன் கனத்தில் மறுபடி அமர்ந்தது. கால்சட்டையின் பின்பக்கம் சூடாக நனைந்தது.

"போ," என்றான். யாரிடம் என்று தெரியாமல். "போயிரு. தொறக்க மாட்டேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை. தொடைகள் மரத்துப்போயின. இடி நின்றது. மூச்சுச் சத்தமும் நின்றது. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. கேட்கிற மாதிரி எதுவும் இல்லாத அந்த அறையில் அவன் தன் நெஞ்சடிப்பை எண்ணிக்கொண்டு, எழுந்திருக்காமல், அசையாமல் இருந்தான்.

முன்கதவு திறந்தது. குடையை உதறுகிற சத்தம்.

"என்னங்க? இருட்டுக்குள்ள எங்க இருக்கீங்க?"

"வராத சக்தி! அங்கயே நில்லு!"

அவள் வந்துவிட்டாள். கையில் போனின் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, பெட்டியின் மேல் குந்தியிருக்கிறவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது.

"எந்திரிச்சு வாங்க."

"எந்திரிச்சா தொறந்துக்கும்."

"என்னது தொறந்துக்கும்?" அவள் குனிந்து, அவன் கால்களுக்கு இடையில் வெளிச்சத்தை அடித்தாள். "இதுல அந்தப் போர்டத் தவிர ஒண்ணுமில்லையேங்க."

அவனும் குனிந்து பார்த்தான். பிளாஸ்டிக் பளிச்சென்று தெளிந்திருந்தது. எங்கும் பனியில்லை. போர்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, உயிரில்லாத வெறும் பச்சைப் பலகையாக. அவன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். முதுகுப் பக்கத்துக் கொக்கிகள் இரண்டும் தொங்கின. அந்தப் பக்கம் மூடி ஒரு சாண் அளவுக்கு வளைந்து திறந்திருந்தது.

எப்போது?

பின்கழுத்தில் ஏதோ சூடாகப் பட்டது. ஈரமாக. விலகியது. மறுபடி பட்டது.

"சக்தி," என்று சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அவன் தலைக்குச் சற்று மேலே நிலைத்திருந்தன. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே போயின. குந்தியிருக்கிற ஒருவர் மெதுவாக எழுந்து நிற்பதைப் பார்க்கிறவளைப்போல, அவள் பார்வை நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கழுத்து பின்னால் சாய்ந்தது. போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் அதை உணரவேயில்லை. தரையிலிருந்து எழும்பிய வெளிச்சம் அவள் தாடையில் அடித்தது.

அவள் பார்வை கூரைத் தகரத்தைத் தொட்டு நின்றது.

பிறகு, குனிகிற ஒருவரைத் தொடர்வதுபோல, மெல்ல, அவனை நோக்கிக் கீழே இறங்கி வரத் தொடங்கியது.