பாகலூர் முனை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு மூக்கண்டப்பள்ளி அலுவலகத்தைத் திறந்தேன். வார விடுமுறை. பக்கத்து ஷெட்டுகளில் இயந்திரச் சத்தம் இல்லை. கட்டிங் ஆயில் வாடை மட்டும் தேங்கி நின்றது.

வேலை இதுதான். எங்கள் அலுவலகத்துக்கும் பாகலூர் குடோனுக்கும் நடுவே, இணையத்தின் வழியாகப் பூட்டிய பாதை ஒன்று போட வேண்டும். வி.பி.என். டனல் என்போம். இரண்டு முனையிலும் ஒரே சாவிச்சொல்லை அடித்தால்தான் திறக்கும். அதை நான் எங்கும் எழுதுவதில்லை. அந்த முனையில் ஆள் இணைய இணைப்புக்கான ரூட்டர் பெட்டிக்கு முன் உட்கார்ந்த பிறகு, போனில் ஒரே ஒரு முறை சொல்வேன்.

நான்கு மாதம் முன்பு வரை அங்கே உட்கார்ந்தவன் தினேஷ்குமார். கடைசி நாள் நான் போக வேண்டிய முறை. அசதியாக இருக்கிறதென்று அவனை அனுப்பினேன். மழைத்தண்ணீர் புகுந்த தரையில் நின்று பெட்டியைத் தொட்டான். மின்சாரம் தாக்கி அங்கேயே போய்விட்டான்.

இன்று லாவண்யாவை அனுப்பியிருந்தேன். சேர்ந்து இரண்டு வாரமே ஆன பெண். ஒயரிங் மாற்றியாகிவிட்டது என்று மேனேஜர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. முந்தின நாள் முழுக்க மழை.

சாவிச்சொல்லை யோசித்து என் பக்கம் அடித்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

டனல் திறந்துவிட்டது.

லாவண்யாவை அழைத்தேன்.

"அண்ணா, இன்னும் பஸ்லதான் இருக்கேன். கால் மணி நேரம் ஆகும்."

பெட்டி இருக்கும் அறைக்குள் போகாதே என்றேன். மேனேஜருக்கு நீங்களா பதில் சொல்வீங்க என்று சிரித்தாள். சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை.

பழைய சொல்லை அழித்து வேறொன்று அடித்தேன். உதடுகூட அசையவில்லை.

பச்சை.

அரை மணி கழித்து, குடோனுக்குப் புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் நாராயணப்பன் கூப்பிட்டார்.

"சலாம் பாய், அந்தப் பொண்ண கேட்லயே திருப்பி அனுப்பிட்டேன். உள்ள இருக்கறவரு அனுப்பச் சொன்னாரு."

யார் என்று கேட்டேன்.

"உங்க ஆளுதான். பேன்ட்டெல்லாம் தண்ணி சொட்டுது. இது பாயோட முறை, அவரே வரட்டும்னாரு."

நான் போகவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் போய் அறையைத் திறந்தார். ஒயரை யாரும் மாற்றவே இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர். மெயினை இறக்கி, பெட்டியைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து போட்டார். லாவண்யா வீட்டில் நன்றாக இருக்கிறாள்.

பெட்டி என் மேஜைக்கு அடியில், ஒரு ஒயரும் இல்லாமல் கிடக்கிறது. தினமும் காலையில் வந்து பார்த்தால் அதிலிருந்து என் நாற்காலி வரை ஈரக் கால்தடம். துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.